கேமராவுக்குப் பின்னால் நின்றவர்

அலுவலகத்தில் அவளைக் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தத் தொலைக்காட்சி நிலையத்தின் பழைய டேப்புகளையெல்லாம் கணினியில் ஏற்றி, யார் எதைத் தேடினாலும் சட்டென்று கிடைக்கும்படி குறிப்புப் போடும் வேலை அங்கே நடந்துகொண்டிருந்தது. முகங்களைக் குறிக்க ஒரு கூட்டம், பேச்சை எழுத்தாக்க ஒரு கூட்டம். மிச்சமிருக்கும் சத்தமெல்லாம் அவள் தலையில். மழை, விசில், குழந்தை அழுகை, கைதட்டல், யாரோ நாற்காலியை இழுப்பது. சத்தம் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் கோடு போட்டு, இது இன்னது என்று பெயர் எழுத வேண்டும். அப்படி மூட்டை மூட்டையாக எழுதிக் கொடுத்தால், பிறகு கணினியே அதேமாதிரி சத்தங்களைத் தேடி எடுத்து வரப் பழகிக்கொள்ளும்.

அந்த வேலைக்கு அவள் வந்ததற்கு, யாரிடமும் சொல்லாத ஒரு காரணம் இருந்தது. அவளுடைய அப்பா அதே நிலையத்தில் கேமராமேனாக இருந்தவர். அவள் முதல் வகுப்பு முடிப்பதற்குள், காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவேயில்லை. ஊரையே படம் பிடித்த மனிதருக்கு, அவர் நடப்பதையோ பேசுவதையோ காட்டும் வீடியோ ஒன்றுகூட வீட்டில் கிடையாது. கல்யாணப் போட்டோ ஒன்று, அடையாள அட்டையில் இருந்த போட்டோ ஒன்று, அவ்வளவுதான் சொத்து. அப்பாவின் முகம் உண்மையிலேயே ஞாபகம் இருக்கிறதா, போட்டோவைப் பார்த்துப் பார்த்து அதுவே ஞாபகமாகிவிட்டதா என்று அவளுக்கே சந்தேகம். குரல் சுத்தமாக மறந்துவிட்டிருந்தது.

சேர்ந்த புதிதில் அந்த அடையாள அட்டைப் போட்டோவைக் கணினிக்குக் கொடுத்து, இந்த முகம் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். பொருத்தமான முடிவுகள் இல்லை என்று வந்தது. "கேமராவைத் தோள்ல வச்சிருக்கிற ஆளை அந்தக் கேமரா எப்படிடி காட்டும், மக்கு" என்று தன்னையே திட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். டேப் பெட்டிகளின் மேல் தேதியும் தலைப்பும்தான் இருந்தன. எடுத்தவர் யார் என்று எழுதிவைக்க அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

ஆனால் ஒரு டேப்பை எடுத்தது அப்பாதான் என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். புது ரயில் நிலையத் திறப்பு விழா. அன்றைக்கு அம்மாவுக்கு வேலை இருந்ததால் அப்பா அவளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, கையில் பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்து, நகரக் கூடாது என்று சொன்னது மங்கலாக ஞாபகம் இருந்தது. அந்த டேப் அவளுடைய மேஜைக்கு வந்த அன்று மற்ற வேலையையெல்லாம் ஒதுக்கிவைத்தாள். இயர்போனை மாட்டிக்கொண்டு ஓட்டினாள். மேடையில் ஒரு பெரிய மனிதர் ரயில்வேயின் பெருமையை அளந்துகொண்டிருந்தார். நடுவே, அவருடைய குரலைவிடப் பக்கத்தில், கேமரா மைக்கை ஒட்டினாற்போல ஒரு செருமல்.

"க்ஹும்."

அவள் மறுபடி போட்டுக் கேட்டாள். அப்புறம் மறுபடியும். கேமராவுக்கு அவ்வளவு பக்கத்தில் வேறு யார் இருக்க முடியும்? அந்தச் செருமலுக்கு இரண்டு பக்கமும் கோடு போட்டு, பெயர் எழுதும் இடத்தில் 'இருமல், செருமல்' என்று எழுத வேண்டியவள் 'அப்பா' என்று எழுதினாள்.

இதுபோன்ற சத்தம் வேறு எங்கே இருக்கிறது என்று கேட்டதும் கணினி அள்ளிக் கொட்டியது. வெள்ளத்தில், பொருட்காட்சியில், பள்ளி ஆண்டுவிழாவில், பழச்சந்தையில் எல்லாம் அதே க்ஹும். சில இடங்களில் செருமலுக்குப் பின்னால் ஒரு சொல்லும் இருந்தது. "கொஞ்சம் தள்ளுங்க." "வெளிச்சம் போயிடும், சீக்கிரம்." கரகரப்பான, உற்சாகமான குரல். அப்பா இவ்வளவு உற்சாகமான ஆளா என்று அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாப்பாட்டு இடைவேளையில்கூட இயர்போனைக் கழற்றாமல் அந்தத் துண்டுகளையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

எதிர் மேஜையில் இருந்த மென்பொருள்காரன் கவனித்துவிட்டான். தடிமனான கண்ணாடி போட்டிருந்ததால் அவனுக்குப் பேர் 'கண்ணாடி'.

"என்ன காது, ஒருத்தர் இருமுறதைக் கேட்டு இப்படிச் சிரிக்கிறீங்க?"

வேறு வழியில்லாமல் சொன்னாள். அவன் கேலி செய்யவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே, "வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் அம்மாகிட்டக் காட்டுங்க. சோதனைக்கு டேப்லெட் குடுக்கிறாங்கல்ல, அதுல உங்க துண்டுகளையெல்லாம் ஏத்தித் தர்றேன்" என்றான்.

பார்ப்பவருக்குத் தகுந்தபடி தன்னை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு அது. திரையில் ஓடும் படத்தில் எதைத் தொட்டாலும் அதை ஒட்டியே அடுத்த துண்டு வரும். குடையைத் தொட்டால் இன்னொரு மழைநாள். தெருவைத் தொட்டால் அதே தெருவின் இன்னொரு வருஷம். பொதுமக்களுக்குத் திறந்துவிடுவதற்கு முன்னால், வேலை செய்பவர்கள் வீட்டில் கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.

அம்மா ஒரு பெரிய மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்து முடித்ததும் சாப்பாட்டு மேஜையில் டேப்லெட்டைச் சாய்த்து நிறுத்தி, மகள் அவளை உட்காரவைத்தாள்.

"கண்ணை மூடிக்கோம்மா. கேளு."

க்ஹும். வெள்ளத்து டேப். க்ஹும், "கொஞ்சம் தள்ளுங்க." பொருட்காட்சி. அம்மாவின் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது.

"யாருன்னு தெரியுதா?"

"தெரியாம என்ன? நம்ம லைட் மாமா."

"யாரு?"

"லைட் பிடிக்கிறவர்டி. உங்கப்பா எங்க போனாலும் பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு நிப்பார். பாக்கெட் நிறைய வேர்க்கடலை, நாள் பூரா கொறிப்பார், நாள் பூரா செருமுவார். அடேயப்பா, இந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை காலம் ஆச்சு!" சந்தோஷமாகக் கண்ணைத் திறந்தவள், மகளின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "என்னடி?"

"நான் அப்பான்னு நினைச்சேன்மா."

மகள் எழுந்துபோய்க் குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவிவைத்த டம்ளரை மறுபடி கழுவினாள். கையில் இருந்ததை யாரோ வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது. இத்தனை நாள் யாரோ ஒருவரின் இருமலைக் கேட்டு உருகியிருக்கிறோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

"உங்கப்பா வேலை செய்யறப்ப வாயே திறக்க மாட்டார்" என்று அம்மா முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னாள். "மூச்சையே பிடிச்சுக்குவாராம், கேமரா ஆடுமாம். வீட்டுக்கு வந்துதான் பேச்சு. அதுவும் உன்கிட்டதான் அதிகம். நீ பதில் பேசமாட்டே, தூங்கிடுவே."

மகள் திரும்பவில்லை. மேஜையில் டேப்லெட் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ரயில் நிலையத் திறப்பு விழா. பெரிய மனிதர் பேசிக்கொண்டே இருக்க, கேமரா மெல்ல அவரை விட்டு நழுவியது. மேடையின் ஓரத்தில், கழுத்தில் மூன்று மாலைகளைத் தொங்கவிட்டு, எப்போது கூப்பிடுவார்களோ என்று காத்துக்கொண்டே கொட்டாவி விடும் ஓர் ஊழியரிடம் போய் நின்றது.

"இங்க வா, இங்க வா!" அம்மாவின் குரல் உயர்ந்தது. "இதோ. இதுதான் அவர்."

"யாரு, அந்தக் கொட்டாவியா?"

"அவரைப் பார்க்கிறவரு. உங்கப்பாகூடக் கல்யாணத்துக்குப் போய்ப் பார்த்திருக்கணும் நீ. எல்லாரும் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்த்துட்டு இருப்பாங்க. இவர், குடையைத் தொலைச்சுட்டு வாசல்ல முழிக்கிற ஆளைப் பார்த்துட்டு இருப்பார். இதுக்காகவே ஆபீஸ்ல வாங்கிக் கட்டிக்குவார்."

மகள் ஈரக்கையோடு வந்து உட்கார்ந்தாள். அந்த டேப்பை எத்தனையோ தடவை ஓட்டியிருக்கிறாள். ஆனால் காதை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டியதால், கண் அந்தப் பக்கம் போகவே இல்லை.

மறுநாள் கண்ணாடியிடம் நடந்ததைச் சொன்னாள். "படத்துல இருக்கிறதுக்கெல்லாம் பேர் வச்சோம். படம் எடுத்தவனுக்கு ஒரு இடம் வைக்கலை பாருங்க" என்று தலையைச் சொறிந்தான். பிறகு அவனுக்கே சூடுபிடித்துவிட்டது. பேச்சு தொடர்ந்துகொண்டிருக்கும்போதே பேசுகிறவரை விட்டுக் கேமரா நிதானமாக விலகும் இடங்களைத் தேட முடியும் என்றான். தேடியும் காட்டினான். வந்ததில் பாதி குப்பை. ஸ்டாண்டு சரிந்தது, யாரோ இடித்தது, ஒரு கேமராமேன் நின்றபடியே தூங்கியது. அந்தக் குப்பையைச் சலிக்கும் வேலை ஞாயிறுதோறும் அம்மாவுக்கு வந்து சேர்ந்தது. "இது இல்லை, இவன் அவசரக்காரன்." "இது இல்லவே இல்லை, சட்டையைப் பார்க்கிறான், ஆளைப் பார்க்கலை." எப்போதாவது ஒன்றுக்கு மட்டும் பேசாமல் திரையை விரலால் தொடுவாள். மகள் அதில் கோடு போட்டுக்கொள்வாள்.

அப்படி ஒரு ஞாயிறில் வந்ததுதான் குடிநீர்க் குழாய் உடைந்த செய்தி. தெருவெல்லாம் தண்ணீர். முழங்காலுக்குமேல் பேண்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு ஒரு நிருபர், அதிகாரிகளின் அலட்சியத்தைப் பற்றி ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தார். கேமரா அவரிடமிருந்து நழுவியது. சுவரில் ஏறியது, ஒரு ஜன்னலைக் கடந்தது, மூன்றாவது மாடி பால்கனியில் போய் நின்றது. அங்கே ஓர் இளம்பெண் வாயில் இரண்டு கிளிப்புகளைக் கவ்விக்கொண்டு போர்வையை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கீழே பார்த்தாள். முறைத்தாள். கிளிப்பை வாயிலிருந்து எடுத்து, அங்கே பாரு, அங்கே பாரு என்று தண்ணீரைக் காட்டிக் கையை ஆட்டினாள்.

க்ஹும் என்று ஒரு செருமல். பிறகு அந்தக் கரகரத்த குரல், ரகசியமாக: "அண்ணே, ரோடு கீழே இருக்கு."

அதற்குப் பதிலாக ஒரு சிரிப்பு. அடக்கப் பார்த்து, அடங்காமல், மூக்கு வழியாகப் பொசுக்கென்று வெளிவந்த சின்னச் சிரிப்பு. கேமரா குலுங்கியது. படம் அறுந்தது.

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று மகளுக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரிந்திருக்காது.

"தோள்ல கிழிஞ்ச நைட்டி" என்றாள் ஒருவழியாக. "சாயங்காலம் செய்தியில போட்டுட்டாங்க. ஆஸ்பத்திரியே கேட்டுது என்னை. வீட்டுக்கு வரட்டும்னு காத்திருந்து ஒரு பிடி பிடிச்சேன். நீ அப்போ பொறக்கவே இல்லை."

"இன்னொரு தடவை போடட்டுமாம்மா?"

"அந்தச் சிரிப்பை மட்டும் போடு."

போட்டாள். அம்மா சொன்ன விதம், ஏதோ மருந்துக்கடையில் கேட்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக இருந்தது. மகள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இப்போது சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனாலும் குரல் ஞாபகம் வரவில்லை. அது இனி வரப்போவதில்லை என்று தோன்றியது. அதற்காக முன்புபோல வலிக்கவும் இல்லை.

அம்மா பழைய நண்பர்கள் நாலைந்து பேருக்குப் போன் போட்டு, லைட் மாமா நம்பரைத் தேடிப் பிடித்தாள். அடுத்த ஞாயிறே அவர் வந்து நின்றார். வழுக்கையும் தடியுமாக, மாடிப்படி ஏறியதில் மூச்சிரைக்க. "அண்ணி, நீங்க அப்படியே இருக்கீங்க" என்று கூசாமல் பொய் சொன்னார். மகளை ஏற இறங்கப் பார்த்து, "பிஸ்கட் பாக்கெட்டு! எவ்ளோ பெரிய ஆளாயிட்டே!" என்றார்.

தன் செருமல்களை அவர் வரிசையாகக் கேட்டார். முதலில் சிரித்தார். அப்புறம் சங்கடப்பட்டார். "நான் இவ்வளவா செருமியிருக்கேன்? அண்ணன் ஒரு நாள்கூட இதைச் சொல்லலையே."

"அவர் வாயைத் திறந்தாதானே" என்றாள் அம்மா.

பால்கனித் துண்டைப் போட்டதும் அவர் தடியைக் கீழே வைத்துவிட்டார். "அன்னைக்கு ஆபீசுக்குத் திரும்பினதும் எடிட்டர்கிட்டக் கெஞ்சினார், அண்ணி. இந்த இடத்தை மட்டும் வெட்டிடு, வீட்டுக்குப் போக முடியாதுன்னு. எடிட்டர் கிராதகன், செய்தியில போடறப்ப சிரிப்பை மட்டும் வெட்டிட்டு உங்களை அப்படியே விட்டுட்டான். ஆனா ஒண்ணு சொல்றேன். செய்தி ஓடறப்ப, கேன்டீன் டீவி முன்னால நின்னு, இவதான் என் வீட்டுக்காரின்னு எல்லார்கிட்டயும் காட்டினார்."

அம்மாவுக்கு அது புதிய செய்தி. "என்கிட்டச் சொல்லவே இல்லையே" என்று ஒரு கணம் கோபமாகப் பார்த்தாள், ஏதோ அவரே எதிரில் உட்கார்ந்திருப்பதுபோல. பிறகு எழுந்து, "டீ போடறேன்" என்று உள்ளே போனாள். பால் பொங்கி அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

மகள் செருமல் துண்டுகளில் இருந்த 'அப்பா' என்ற பெயரை ஒவ்வொன்றாக அழித்தாள். "என்ன பேர் போடட்டும் மாமா? லைட் மாமான்னே போட்டுடவா?"

"சேச்சே, ஆபீஸ் விஷயம். லைட்மேன்னு போடு. சீனியர் லைட்மேன்."

நிலையம் அந்தத் தொகுப்பைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டபோது, தேடும் பக்கத்தில் 'எடுத்தவர்' என்று புதிதாக ஒரு கட்டம் இருந்தது. கண்ணாடி பிடிவாதமாக நின்று அதைச் சேர்க்க வைத்திருந்தான். முதல் மாதத்திலேயே வேறு கேமராமேன்களின் பிள்ளைகளும் மனைவிமார்களும் வரத் தொடங்கினார்கள். ஒருவர், தன் அண்ணன் எடுத்தால் வானம் கொஞ்சம் அதிகமாகத் தெரியும் என்றார். ஓர் அம்மாள், தன் கணவர் நாயைப் பார்த்தால் விடமாட்டார் என்றார். எல்லாருடைய பேச்சையும் கேட்டு எழுதிக்கொள்ளும் வேலை அவளுக்கு வந்தது.

லைட் மாமா ஞாயிறு தவறாமல் வருகிறார். ஒரு துண்டு ஓடினால், அது பழைய தபால் நிலையத்துச் சந்து என்பார் அவர். தலைகீழாக நின்றாலும் அது பள்ளிக்கூடத்துப் பின்தெரு என்பாள் அம்மா. ஒருவரும் விட்டுக்கொடுக்கமாட்டார்கள். மகள் நடுவில் உட்கார்ந்து, இரண்டையும் எழுதிக்கொள்கிறாள்.