காற்றில் வாசித்தவன்

நீல்ஸின் வயலின் பெட்டிக்குள் சொந்த ஊரான டுலூத்துக்குப் போகும் ரயிலுக்கு டிக்கெட் கிடந்தது. சாயங்காலம் ஐந்து மணி வண்டி. பேசும் படம் வந்ததும் ஹாலிவுட்டில் முதலில் வேலை போனது அவனைப் போன்றவர்களுக்குத்தான். ஆறு வருஷமாக, ஊமைப்படம் எடுக்கும்போது கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்து நடிகர்களை அழவைத்ததுதான் அவன் பிழைப்பு. முக்கியமாகக் கதாநாயகி வெல்மாவை. அவள் என்றால் அவனுக்கு உயிர். அதை வயலினே சொல்லிவிடும் என்று வாயைத் திறக்காமல் இருந்துவிட்டான், அசடு.

ஊமையாக எடுத்து முடித்த காதல் படத்தில் கடைசிக் காட்சியை மட்டும் பேச்சோடு எடுக்க வேண்டும் என்று முதலாளிகள் பிடிவாதம் பிடித்தார்கள். விடைபெற வந்த நீல்ஸ் கதவோரம் நின்று பார்த்தான். போருக்குப் புறப்படும் காதலனிடம் வெல்மா கண்ணீரோடு "போகாதே" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வசனம். பூச்சாடிக்குள் மைக் தயார். கண்ணீர்தான் வரவில்லை. இன்றைக்குள் வராவிட்டால் அவளுக்குப் பதிலாக நாடகக்காரி ஒருத்தியை வரவழைப்பதாகச் சொல்லியாயிற்று.

மூன்றாம் தடவை அவள் கண் லேசாகக் கலங்கியது.

"அப்படித்தான் கண்ணு! இப்போ அழு!" என்று பழக்கதோஷத்தில் கத்தினார் டைரக்டர் ஹோபர்ட்.

ஒலிப்பதிவுக்கார டட்லி தன் அறையிலிருந்து பாய்ந்து வந்தான். "யாராவது இவர் வாயைத் தைச்சுத் தொலைங்கய்யா! மூணு தடவையும் இவர் குரல்தான் விழுந்திருக்கு."

"இருபது வருஷமா கத்தியே படம் எடுத்தவன்யா நான். திடீர்னு நிறுத்துன்னா?"

வெல்மா கதவுப் பக்கம் திரும்பினாள். "நீல்ஸ், நீ எப்பவும் உக்கார்ற இடத்துல வந்து உக்காரு."

"ஒரு நரம்பு முனகட்டும், அப்புறம் இருக்கு உனக்கு," என்றான் டட்லி.

நீல்ஸ் உட்கார்ந்தான். வில்லை நரம்புக்கு ஒரு விரற்கடை மேலே பிடித்து, வழக்கமான பாட்டைக் காற்றில் வாசித்தான். ஒவ்வோர் இழுப்பும் வெல்மாவுக்கு மனப்பாடம். அவள் கண் நிறைந்து வழிந்தது.

"போகாதே," என்றாள்.

இத்தனை வருஷமும் வயலின் சத்தத்தில் அமுங்கிப்போன குரல் அது. அவள் அழும்போது எப்படிப் பேசுவாள் என்று அவனுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. தாங்கவில்லை.

டட்லி வந்து முறைத்தான். "வசனம் சுத்தமா விழுந்திருக்கு. ஆனா கடைசியில யாரோ விசும்புறாங்க."

எல்லாரும் நீல்ஸைப் பார்த்தார்கள்.

"அப்பாடா, இந்தத் தடவை நான் இல்ல," என்றார் ஹோபர்ட். "இருந்துட்டுப் போகட்டும்யா. காதலன் அழறான்னு நெனச்சுக்குவாங்க."

வெல்மா கண்ணைத் துடைக்காமலே நீல்ஸிடம் வந்தாள். "அஞ்சு மணிக்குத்தானே வண்டி?"

"ஆமா."

"நான் சொன்னது உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு," என்றான். "போகல, வெல்மா."