எக்ஸ்பிரஸ் அக்கா தைத்த சட்டைப் பை

தையல் கம்பெனியில் அன்று காலை ஒரே ஒரு மெஷின்தான் ஓடியது. மற்ற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு அதைச் சுற்றி நின்றார்கள். மெஷினில் உட்கார்ந்திருந்தவளுக்கு எக்ஸ்பிரஸ் அக்கா என்று பட்டப்பெயர். பக்கத்தில் மேனேஜர் ஸ்டாப் வாட்சோடு நின்றார். புது மாடல் சட்டைக்குப் பை வைத்துத் தைக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து, அதை வைத்து எல்லோருக்கும் டார்கெட் போடுவது அங்கே வழக்கம். டார்கெட்டைத் தொட்டால் முழுக் கூலி, தொடாவிட்டால் பாதி.

நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? அக்கா மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு தைத்தாள். நூலை வெட்டிச் சட்டையை உதறிக் காட்டியபோது பெண்கள் கை தட்டினார்கள். பாவம், எதற்குத் தட்டுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

"அடேங்கப்பா! இனிமே நீதாம்மா இந்த லைனுக்கு சூப்பர்வைசர்" என்றார் மேனேஜர்.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் தைத்த அந்த ஒரு பையின் வேகத்தை ஒரு நாள் முழுவதற்கும் பெருக்கி, சாயங்காலம் பலகையில் எழுதிப் போட்டார்கள். அதைத் தொட ஒருத்தியாலும் முடியவில்லை. வாரக் கடைசியில் லைன் முழுக்கப் பாதிக் கூலிதான்.

அந்த லைனில் அக்காவின் தம்பி மனைவியும் இருந்தாள். வீட்டில் சின்னவள் என்று கூப்பிடுவார்கள். நிதானமான கை, ஆனால் அவள் தைத்ததைப் பிரித்துத் தைக்க வேண்டிய தேவையே வராது. தம்பி வேலையில்லாமல் வீட்டில் இருந்தான். கைக்குழந்தைக்குக் கரைக்கும் பாலில் மாவு குறைந்து தண்ணீர் கூடிக்கொண்டே போனது.

"என்னடி, இந்த வாரமும் பாதிதானா?"

"முடியல அண்ணி."

"முடியலன்னா என்ன அர்த்தம்? நான் தைச்சுக் காட்டல? எனக்கென்ன நாலு கையா இருக்கு? உனக்கு உடம்பு வணங்கல, அவ்வளவுதான்."

மறுநாளிலிருந்து சின்னவள் வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டாள். குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும், போனால் சில பைகள் போச்சு. மத்தியானச் சாப்பாட்டையும் பாதியில் மூடிவைத்துவிட்டு மெஷினுக்கு ஓடினாள். இப்போதுதான் வழிக்கு வந்திருக்கிறாள் என்று அக்கா மனசுக்குள் மெச்சிக்கொண்டாள்.

ஒரு நாள் சின்னவளுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. கை நழுவி ஊசியின் கீழே போனது. ஊசி ஆள்காட்டி விரலில் இறங்கி எலும்பில் முறிந்தது. அக்கா ஓடிவந்து தாங்கிப் பிடித்தாள். சின்னவள் விரலைப் பார்க்கவில்லை, துணியைத்தான் பார்த்தாள்.

"சட்டையில ரத்தம் பட்டுருச்சா அண்ணி? அதுக்கும் காசு புடிச்சுக்குவாங்களா?"

அந்த விரல் இனி மடங்காது என்று சொல்லிவிட்டார் டாக்டர். இடம் காலியாக இருந்தால் கம்பெனி வேறு ஆளைப் போட்டுவிடும். அவள் வருகிற வரைக்கும் அவள் டார்கெட்டை நான் முடிக்கிறேன் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு, அக்கா அந்த மெஷினில் உட்கார்ந்தாள்.

முதலில் கை பறந்தது. வெயில் ஏற ஏறக் கழுத்து இறுகியது. மத்தியானத்துக்குப் பிறகு தோள்பட்டை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. எழுந்திருக்காமல், தண்ணீர் குடிக்காமல் தைத்தாள். வேலை முடிகிற மணி அடித்தபோது பலகையில் இருந்த கணக்கு அவளுக்கும் எட்டாத தூரத்தில் நின்றது.

முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு, தன் கையாலேயே முடியாததைப் பச்சை உடம்புக்காரியிடம் கேட்டோமே, அவளைச் சோம்பேறி என்று ஏசினோமே என்று அழுகை முட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே மேனேஜர் அறைக்குப் போனாள்.

"டார்கெட்டைக் குறைங்க சார். என்னாலயே முடியல."

"நீ தைச்ச வேகம்தானேம்மா அது? அப்ப அன்னிக்கு என்னை ஏமாத்தினியா?"

"ஏமாத்தல சார். பெருமைக்குத் தைச்சேன். ஒரு பைதான் தைச்சேன், ஒரு நாள் தைக்கல."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சரி, அதைப் பேச இப்ப நேரமில்ல. உன் தம்பி பொண்டாட்டிய இனிமே வர வேண்டாம்னு சொல்லிடு. விரல் மடங்காதவள வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

அக்கா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"அவ விரலை இந்த டார்கெட்தான் சார் தின்னுச்சு. அதுக்குப் பதில் சொல்லாம அவளை அனுப்ப முடியாது. என்னையும் சேர்த்து அனுப்பினாலும் சரி."

"சூப்பர்வைசர்ங்கறதை மறந்துட்டுப் பேசாத. உன்ன மாதிரி வேகமா தைக்க ஆயிரம் பேர் வெளிய நிக்கிறாங்க. நாளைக்கே ஒருத்தியை உக்கார வச்சு நேரம் பாப்பேன்."

"பாருங்க சார். ஆனா ஒரு நிமிஷம் பாத்துட்டு ஓடிடாதீங்க. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் பாருங்க. அவளுக்குப் பசிக்கும், தாகம் எடுக்கும், முதுகு வலிக்கும். அதெல்லாம் சேர்ந்ததுதான் ஒரு நாள் வேலை. அந்த வேலைய ஒழுங்கா செஞ்சவ வீட்டுல ராத்திரி அடுப்பு எரியணும், குழந்தை வயிறு நிறையணும். அந்த அளவுக்குக் குடுத்தாத்தான் அதுக்குப் பேரு கூலி. அதுக்குக் கொறச்சுக் குடுத்தா, நீங்க எங்களுக்குச் சம்பளம் குடுக்கல சார். எங்க உடம்பத் திருடுறீங்க."