வெள்ளை எழுத்து உள்பக்கம்

பம்புக்காரர் டயர் கடைக்குள் நுழைந்தபோது சாமான் வாங்க வந்தவர் மாதிரியே இல்லை. சோதனை போட வந்த அதிகாரி மாதிரி இருந்தார். துவைத்து மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பின்னால் கட்டிய கை, வளையாத முதுகு. நாற்காலியைக் காட்டினார்கள். உட்காரவில்லை. உட்கார்ந்தால் கண்ணுக்கு எட்டாமல் ஏதாவது நடந்துவிடும் என்பது அவர் கணக்கு.

காரணம் இருந்தது. கடைக்காரர் தன் மகனுக்குப் பம்புக்காரரின் இளைய மகளைக் கேட்டிருந்தார். வீட்டில் எல்லாருக்கும் சம்மதம். பெண்ணுக்கும் பையனைப் பிடித்திருந்தது. பம்புக்காரரின் முதல் சந்தேகமே அதுதான். எல்லாருக்கும் பிடித்துப்போகிற விஷயத்தில் யாரோ எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம்.

"எப்படியும் வண்டிக்கு டயர் மாத்தணும்னு சொல்லிட்டிருக்கீங்க. அவங்க கடையிலயே மாத்துங்களேன். மனுஷங்களையும் பாத்த மாதிரி இருக்கும்" என்று மனைவிதான் சொன்னார். சொன்னது மனைவி என்பதை மறந்துவிட்டு, தன் யோசனையாகவே அதை எடுத்துக்கொண்டு கிளம்பினார் பம்புக்காரர்.

டயர் மாற்ற வேண்டியது உண்மைதான். ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்கும் வீடுகளுக்கும் தண்ணீர் பம்பு மாட்டுவதும் பழுது பார்ப்பதும் அவர் தொழில். குழாயும் மோட்டாரும் ஏற்றிய பிக்கப் வண்டி தினமும் ஓட வேண்டும். போன மழையில் ஒரு தோட்டத்துப் பாதையில் பின்சக்கரம் இரண்டும் சேற்றில் புதைந்து, டிராக்டர் வந்து கயிறு கட்டி இழுக்க வேண்டியதாயிற்று. கூலியாட்கள் வேலையை விட்டுவிட்டு வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, கன்றுக்குட்டி இழுபடுகிற மாதிரி அவர் இழுபட்டு வந்தார். அன்றிலிருந்து அந்த மொட்டை டயர்களைப் பார்த்தாலே அவருக்கு முகம் சுண்டிப்போகும்.

"அதுல நாலு கொடுங்க" என்று சுவரோரம் நின்ற டயர்களைக் காட்டினார். யானைக் கால் மாதிரிக் கட்டை கட்டையாகப் பட்டன் வைத்த, சேற்றுக்கென்றே செய்த டயர்கள். அதைப் போட்டுக்கொண்டு போனால் டிராக்டரையே இழுத்து வரலாம் போலிருந்தது.

கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். ஒடிசலான மனிதர். பேச்சும் ஒடிசல்தான். "ஐயா, ஒரு நாளைக்கு வண்டி எவ்வளவு தார் ரோட்டுல ஓடும், எவ்வளவு மண்ணுல ஓடும்?"

'இவருக்கு எதற்கு அந்த விவரம்?' என்று பம்புக்காரருக்குள் மணி அடித்தது. தான் எங்கே போகிறோம், எவ்வளவு வேலை வருகிறது, வீட்டில் எவ்வளவு தேறும் என்று சுற்றி வளைத்துக் கேட்கிறாரோ?

"ஓடுற அளவுக்கு ஓடும்" என்றார், பிடி கொடுக்காமல்.

"இல்லீங்க, தார்தான் அதிகம்னா அது வேணாம். காதுகிட்ட மாவு மில் ஓடற மாதிரிச் சத்தம் வரும். டீசலக் குடிக்கும். மழையில தார் ரோட்டுல பிரேக் போட்டா வழுக்கும். தார்ல தேய்ஞ்சு ரொம்ப நாள் வராது. உங்களுக்கு ஆல் டெரெய்ன் போதும். ரோட்டுக்கும் ஆகும், தோட்டத்துப் பாதைக்கும் ஆகும்." அவர் காட்டிய டயர் பார்க்கக் கொஞ்சம் சாதுவாக இருந்தது. பட்டன்கள் நெருக்கமாக, ஓரத்தில் மட்டும் பல் வைத்திருந்தன.

நல்ல சரக்கை யாருக்கோ எடுத்து வைத்துக்கொண்டு விற்காததைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று முதலில் பட்டது. விலை கேட்டபோது அது சேற்று டயரைவிடக் குறைவாக இருந்தது. அப்படியானால் யோக்கியன் வேஷம் போடுகிறார் என்று பட்டது. எந்தப் பக்கம் திருப்பினாலும் சந்தேகம் நன்றாகவே நின்றது.

கடைசியில் அந்த ஆல் டெரெய்ன் டயரையே போடச் சொன்னார். மாட்ட வந்தது கடைக்காரரின் மகன். கைலியும் கிரீஸ் படிந்த பனியனுமாக வந்து, வணக்கம் சொல்லிவிட்டு ஜாக்கியைத் தள்ளினான். தன் மகளைக் கட்டப்போகிறவன் இப்படியா எதிரில் வருவது என்று ஒரு மனம் சொன்னது. வேலை செய்கிறவன் வேறு எப்படி வருவான் என்று இன்னொரு மனம் சொன்னது. அவர் முதல் மனதின் பக்கமே இருந்தார்.

பையன் புது டயரை உருட்டிக்கொண்டு வந்து அவர் முன்னால் நிறுத்தினான். டயரின் ஒரு பக்கம் முழுக்கக் கம்பெனிப் பெயர், உள்ளங்கை அகல வெள்ளை எழுத்தில், கல்யாணப் பந்தலுக்கு வைத்த பலகை மாதிரிப் பளிச்சென்று இருந்தது. பையன் அந்தப் பக்கத்தின் கீழே ஓரிடத்தைக் கட்டைவிரலால் துடைத்து, "ஐயா, இங்க ஒரு தடவ பாத்துக்குங்க" என்றான்.

"எல்லாம் பாத்தாச்சு. எழுத்தக் காட்டி மயக்க வேணாம்" என்றார் பம்புக்காரர். "இந்தப் பக்கத்த உள்ள திருப்பிப் போடுங்க. வெறும் கறுப்பு வெளிய இருக்கட்டும்."

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "எல்லாரும் எழுத்து வெளிய தெரியணும்னு கேப்பாங்க."

"எல்லாரும் வேற. நாங்க வேற. சக்கரத்துல விளம்பரம் எழுதிட்டு ஊரைச் சுத்துற குடும்பம் இல்ல எங்களது."

அப்பாவும் பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையையும் பம்புக்காரர் குறித்து வைத்துக்கொண்டார். பையன் நான்கு டயரையும் அவர் சொன்னபடியே திருப்பி மாட்டினான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் வண்டிக்கு அடியில் வண்டு ஒன்று முனகுகிற மாதிரி மெல்லிய சத்தம் வந்தது. புது டயருக்கு அப்படித்தான் இருக்கும் என்று கடைக்காரர் முன்னமே சொல்லியிருந்தார். முன்னமே சொன்னதுதான் அவருக்கு உறுத்தியது.

வாசலில் மச்சினன் நின்றிருந்தார். மனைவியின் தம்பி, பக்கத்துத் தெருவில் வீடு. எந்தப் பொருளை யார் வாங்கி வந்தாலும் அதில் ஓட்டை கண்டுபிடிக்காமல் சாப்பிட உட்கார மாட்டார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்தார். இன்னொரு சுற்று வந்தார்.

"அத்தான், தேதி எங்க?"

"என்ன தேதி?"

"டயர் செஞ்ச தேதி. நாலு நம்பர் இருக்கும். முன்னாடி ரெண்டு எத்தனாவது வாரம், பின்னாடி ரெண்டு எந்த வருஷம். வருஷக்கணக்கா கிடங்குல கிடந்து காய்ஞ்ச டயருன்னா, அந்த நம்பர் கண்ணுல படாம உள்பக்கமாத் திருப்பி மாட்டிடுவாங்க. பாக்கறதுக்குப் புதுசாத்தான் இருக்கும். ஒரு நாள் ரோட்டுல வெடிக்கும்." ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டிக் காட்டினார். "பாருங்க, நாலுலயும் வெளிய தேதி இல்ல. ஒண்ணுல இல்லன்னா கை தவறிப்போச்சுன்னு விடலாம்."

பம்புக்காரரின் காது மடல் சூடாயிற்று. மதியத்திலிருந்து தேடிக்கொண்டிருந்தது கிடைத்துவிட்டது. வேட்டியைக்கூட மாற்றாமல் கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"டயர்ல தேதி எங்கங்க?"

"நீங்க வைக்கச் சொன்ன எடத்துலதாங்க இருக்கு" என்றார் கடைக்காரர். குரலில் சிரிப்பு இருந்த மாதிரி இருந்தது.

கேலி என்று முடிவு கட்டினார் பம்புக்காரர். "நான் எங்க வைக்கச் சொன்னேன்? சரக்கு உங்களது, கை உங்களது. பழசத் தூக்கி என் தலையில கட்டிட்டு, அதுக்கு மேல பொண்ணு வேற கேக்கறீங்களா?"

அந்தப் பக்கம் காற்றடிக்கும் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"ஐயா, டயர் வேணாம்னா கொண்டு வாங்க. கழட்டிட்டு உங்க பழசையே மாட்டித் தர்றேன். பொண்ணு விஷயத்த இதோட விட்டுடுவோம். எங்களத் திருடங்கன்னு சொன்ன வீட்டுப் படிய என் பையன் ஏற வேணாம்."

போன் வைக்கப்பட்டது. தான் சொல்லி முடிக்க வேண்டியதை அவர் முந்திக்கொண்டு சொல்லிவிட்டாரே என்று பம்புக்காரர் ஒரு நொடி திகைத்து நின்றார். குற்றம் உள்ளவனுக்குத்தான் இவ்வளவு சீக்கிரம் ரோஷம் வரும் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

கூடத்தில் வந்து அறிவித்தார். "அந்த இடம் வேணாம். முடிஞ்சுது."

மனைவி தம்பியைப் பார்த்த பார்வையில், மச்சினன் சாப்பிடாமலேயே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். இளைய மகள் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நடந்ததை முழுக்கக் கேட்டாள். அழவில்லை, அழுவாள் என்று எதிர்பார்த்திருந்த அவருக்கு அது என்னவோபோல் இருந்தது.

"தேதி பழசா இருந்துச்சாப்பா?"

"தேதியே இல்லங்கறேன்."

"உள்பக்கம் பாத்தீங்களா?"

"நான் எதுக்கும்மா வண்டிக்கு அடியில படுக்கணும்?"

"நாங்க ரத்தத்தப் பாக்காம ரிப்போர்ட் எழுத மாட்டோம்பா" என்றாள் அவள். "பழசுதான்னா நானே வேணாம்னு சொல்லிடறேன். திருட்டு வீட்டுக்கு நானும் போக மாட்டேன். ஆனா பாத்துட்டுச் சொல்லுங்க." பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

காலையில் எழுந்ததும் பம்புக்காரர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, டார்ச் விளக்குடன் வாசலுக்கு வந்தார். தேதியைப் படித்து, அதை அந்தக் கடைக்காரர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, டயரைக் கழற்றிப் போட்டுவிட்டு வருவது என்பது திட்டம். ராத்திரி பெய்த மழையின் ஈரம் மண்ணில் இருந்தது. சுற்றும் முற்றும் பார்த்தார். தெருவில் யாரும் இல்லை. மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் நகர்ந்தார்.

முதலில் கண்ணில் பட்டது அந்த வெள்ளை எழுத்துதான். தலைகீழாக, அவர் மூக்குக்கு நேராக, இருட்டில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. வெளிச்சத்தை மெல்ல நகர்த்தினார். எழுத்துக்குக் கீழே, ரிம்மை ஒட்டி ஒரு சின்ன முட்டை வடிவம். அதற்குள் நாலு எண். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, விரலால் தடவிப் படித்தார். இந்த வருஷம். அதுவும் போன மாதத்து வாரம்.

ஒன்று அப்படி இருக்கலாம் என்று அடுத்த சக்கரத்துக்கு ஊர்ந்தார். அதிலும் அதே எண். மூன்றாவதற்குப் போகும்போது மச்சினனின் செருப்பு வந்து நின்றது.

"அத்தான், கால் மட்டும் தெரியுது. நல்லாத்தானே இருக்கீங்க?"

"வாய மூடிட்டு அந்தப் பக்கம் போ."

நாலாவதும் அதேதான். எழுந்திருக்கத் தோன்றாமல் அப்படியே கிடந்தார். பையனின் கட்டைவிரல் நினைவுக்கு வந்தது. அவன் துடைத்துக் காட்டியது கம்பெனிப் பெயரை இல்லை. இந்த முட்டை வடிவத்தை. "இங்க ஒரு தடவ பாத்துக்குங்க." தேதி அச்சடித்திருந்ததே அந்த வெள்ளை எழுத்துப் பக்கத்தில்தான். அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பச் சொன்னவர், கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னவர், இதோ மண்ணில் மல்லாந்து கிடக்கிறார். நீங்க வைக்கச் சொன்ன எடத்துலதான் இருக்கு. மனிதர் உள்ளதை உள்ளபடிதான் சொல்லியிருக்கிறார்.

தன்னை ஒருவர் போனில் திருடன் என்று சொல்லியிருந்தால் தான் என்ன செய்திருப்பார் என்று யோசித்தார். விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றிருக்க மாட்டார். சம்பந்தத்தை முறித்துப் போனை வைத்திருப்பார். அதையேதான் அந்த ஒடிசல் மனிதரும் செய்திருக்கிறார். பெண் கொடுத்தால் இப்படி ஒரு வீட்டில்தான் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாதபடி செய்தது தன் வாய்.

வெளியே வந்து நின்றார். வாசற்படியில் மனைவியும் மகளும் நின்றிருந்தார்கள்.

"புதுசுதான்" என்றார் அவர், வேறு எங்கோ பார்த்தபடி.

"முதுகெல்லாம் சேறு. சட்டைய மாத்திட்டு எங்க வேணா போங்க" என்றார் மனைவி.

"இதோடதான் போகணும்."

கடையில் இரண்டு லாரி டிரைவர்கள் காற்றடிக்கக் காத்திருந்தார்கள். பம்புக்காரரைப் பார்த்ததும் கடைக்காரர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, மகனிடம் சுருக்கமாக, "ஐயாவோட பழைய டயர் நாலும் பின்னாடி இருக்கு, எடுத்துட்டு வா" என்றார்.

"பழசு வேணாம்" என்றார் பம்புக்காரர். "எழுத்து வெளிய வர்ற மாதிரித் திருப்பிப் போடணும்."

"விளம்பரம் வேணாம்னீங்களே?"

பம்புக்காரர் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வண்டியைப் பார்த்து நின்றார். கழுத்திலிருந்து இடுப்பு வரை அப்பியிருந்த சேறு, வெள்ளைச் சட்டையில் யாருக்கும் தெரியாமல் இருக்க வழியில்லை. லாரி டிரைவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கடைக்காரர் அந்த முதுகை வெகுநேரம் பார்த்தார். இது என்ன புது நாடகம் என்று இப்போது சந்தேகப்படுவது அவருடைய முறை.

"அடியில படுத்தீங்களா?"

"நாலு சக்கரத்துக்கும்." பம்புக்காரர் திரும்பவில்லை. "தேதி நான் வைக்கச் சொன்ன எடத்துலதான் இருந்துச்சு. நேத்து நான் போன்ல பேசினது தப்பு. இவங்களும் கேக்கட்டும்னுதான் இங்க வந்து சொல்றேன்."

கடைக்காரர் உடனே இளகிவிடவில்லை. இளகியிருந்தால் பம்புக்காரருக்கு மறுபடி சந்தேகம் வந்திருக்கும். மேசை மேலிருந்த பழந்துணியை மடித்தார். பிரித்து மறுபடி மடித்தார். பிறகு மகனைப் பார்த்து, "ஜாக்கிய எடு" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க. சேறுன்னு பாக்காதீங்க, துடைச்சுக்கலாம்."

பம்புக்காரர் உட்கார்ந்தார். பையன் முதல் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி, கட்டைவிரலால் அதே இடத்தைத் துடைத்துவிட்டு, தயங்கி அவரைப் பார்த்தான். அவர் எழுந்து போய்க் குனிந்து, ஏற்கெனவே மனப்பாடமாகியிருந்த எண்ணை ஒழுங்காக ஒரு முறை படித்தார். "சரியா இருக்கு தம்பி. மாட்டுங்க." "அப்படியே வீட்டுல ஒரு நல்ல நாளும் பாத்துச் சொல்லுங்க" என்றார் கடைக்காரர்.

சாயங்காலம் வெள்ளை எழுத்து நாலு பக்கமும் சுழல, வண்டி தெருவுக்குள் நுழைந்தது. பார்க்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. எதிர்பார்த்தபடியே மச்சினன் வாசலில் இருந்தார்.

"என்ன அத்தான், சக்கரமெல்லாம் எழுத்தா இருக்கு? எந்தக் கடையில இந்த அலங்காரம்?"

பம்புக்காரர் வண்டியை நிறுத்தி, கதவைச் சாத்தி, வேட்டியைச் சரிசெய்துகொண்டார். உள்ளே ஜன்னலோரம் மகள் நிற்பது தெரிந்தது.

"சம்பந்தி கடையில" என்றார். "தேதி இப்ப வெளியதான் இருக்கு. குனிஞ்சு படிச்சுக்க."