ஆபீசர் படத்துக்கு நான் எழுதிய வரி

நாய்க் காப்பகத்தில் எனக்கு வேலை கடிதம் அடிப்பது. வெப் பக்கம் செய்வது அல்ல. நாய்களுக்கு வீடு தேட ஒரு வெப் பக்கம் செய்யச் சொன்ன டாக்டரிடம் இதைச் சொன்னேன்.

"ரெண்டும் டைப்பிங்தானே அக்கா?" என்றார்.

நாய்க்கு ஊசி போடுகிறவர் மனுஷனுக்கும் போட்டுவிடுவாரா என்று கேட்க வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அவசரம் என்னவோ நிஜம்தான். கட்டடத்துக்காரர் மாசக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். அதற்குள் வீடு கிடைக்காத நாய்கள் ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய நாய்ப் பட்டிக்குப் போகவேண்டும். இளசுகள் சமாளித்துக்கொள்ளும். ஆபீசர் சமாளிக்க மாட்டார். ஆபீசர் எங்களிடம் இருக்கும் கிழட்டு நாய். பின்னங்கால் இரண்டும் தகராறு. காலையில் எனக்கு முன்னால் வந்து என் மேஜைக்கடியில் படுப்பார், ஒரு வேலையும் செய்யமாட்டார், சாயங்காலம் நான் கிளம்பும்போது எழுந்திருப்பார். அதனால் அந்தப் பெயர். "பட்டியில இவன் ஒரு வாரம்கூட தாங்க மாட்டான்" என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நானே கூட்டிக்கொண்டு போகலாம்தான். ஆனால் எங்கள் வீட்டுக்காரர் தையல்காரர். வீட்டு முன்னறைதான் கடை. நாய் முடிக்கும் கறுப்புக் கோட்டுக்கும் என்ன பொருத்தமோ, அங்கேதான் போய் ஒட்டும். "நாய் உள்ள வந்தா நான் வெளிய போறேன்" என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டார். அதற்கப்புறம் நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

சரி என்று உட்கார்ந்தேன். கடிதம் அடிக்கிற அதே வேர்ட் பிராசஸர். கடைசியில் வெப் பக்கமாகச் சேமித்தால் போதும் என்றார்கள். படத்தை நுழைத்தால் எழுத்து ஓடிப்போய் அடுத்த பக்கத்தில் ஒளிந்துகொண்டது. எழுத்தை இழுத்துக்கொண்டு வந்தால் படம் ஓடியது. நாய்களைக் குளிப்பாட்டுவதே தேவலாம். லிங்க் மட்டும் சொன்னபடி கேட்டது. ஒவ்வொரு நாயின் பெயரையும் லிங்க் ஆக்கினேன். அழுத்தினால் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு மெயில் திறக்கும், தலைப்பில் அந்த நாயின் பெயர் இருக்கும்.

படங்கள் சேரச் சேர கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கியது. படத்தை உள்ளே வைக்காமல் அது இருக்கும் இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளும் வசதி ஒன்று இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். வேலை மளமளவென்று முடிந்தது.

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சின்னப் பெட்டி திறந்து, படத்தைப் பார்க்க முடியாதவர்களுக்காக விவரிக்கச் சொன்னது. இதையெல்லாம் யார் தேடிப் படிக்கப்போகிறார்கள் என்று மனதில் பட்டதை அடித்தேன். 'கறுப்பன். செருப்புத் தின்பான். இடது செருப்பு மட்டும்.' 'செவலை. திருடன் வந்தாலும் வாலாட்டும்.' 'ராணி. முகம் அழகு. குணம் அப்படியே என் நாத்தனார்.' கடைசியாக ஆபீசருக்கும் ஒரு வரி அடித்தேன். அடிக்கும்போது கண் கலங்கிவிட்டது. திருப்பிப் படிக்காமல் மூடினேன்.

மெயில்கள் வர ஆரம்பித்தன. ஊன்றுகோலோடு ஒற்றைக் காலில் வந்த ஒருவர் கறுப்பனைக் கேட்டார். "எனக்கு வலது செருப்பு மட்டும் போதும்மா" என்று சிரித்தார். அடுத்து ஒரு அம்மா வந்து, "அந்த நாத்தனார் நாய் இருக்கா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ராணி என் நாத்தனார் மாதிரி என்று டாக்டரிடம் எப்போதோ சொன்ன ஞாபகம். ஓட்டைவாய் மனுஷன், ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார் என்று மனதுக்குள் திட்டினேன்.

ஒவ்வொன்றாக எல்லா நாய்களும் போய்விட்டன. ஆபீசரை மட்டும் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. என் திரையில் அவர் படம்தான் இருப்பதிலேயே நன்றாக இருந்தது. காதைத் தூக்கிக்கொண்டு, கையெழுத்துப் போடப்போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். இந்த ஜனங்களுக்குக் கண் என்ன பிடரியிலா இருக்கிறது என்று ஆத்திரமாக வந்தது.

காலி செய்வதற்கு முந்தின நாள்தான் டாக்டர் முதல்தடவையாக அந்தப் பக்கத்தைத் தன் போனில் திறந்தார்.

"அக்கா, படம் எங்க?"

எட்டிப் பார்த்தேன். கட்டம் கட்டமாக வெறும் வெள்ளை. ஒவ்வொன்றிலும் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் நான் பெட்டியில் அடித்த வரி. படங்கள் என் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்திருந்தன. அந்த இடம் என் மேஜையைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது. படத்துக்குப் பதிலாக ஊரே என் நாத்தனாரைப் படித்திருக்கிறது.

டாக்டர் விரலால் தள்ளித் தள்ளிக் கடைசிக் கட்டத்துக்கு வந்தார். சத்தமாகப் படித்தார்.

"'ஆபீசர். இவர் என்னுடையவர். யாரும் கேட்டு வராதீர்கள்.'"

மேஜைக்கடியில் ஆபீசர் வாலை ஒருமுறை தரையில் தட்டினார்.

"இப்படிப் போட்டா யாரு கேப்பாங்க அக்கா?" என்றார் டாக்டர். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"அய்யோ பாவி, நானே அவர் வழியை அடைச்சிட்டேனே டாக்டர்" என்று அழுதுவிட்டேன்.

அழுதுகொண்டே உட்கார்ந்து படத்தை ஒழுங்காக உள்ளே வைத்தேன். வரியை அழிக்கலாம் என்று பெட்டியைத் திறந்தபோது மெயில் வந்தது. தலைப்பு: ஆபீசர். முதல் மெயில். அனுப்பியவர் எங்கள் வீட்டுக்காரர்.

'உன் வெப் பக்கத்தை எங்க அக்கா எனக்கு அனுப்பினா. ராணி விஷயமா அவ உங்கிட்ட நேர்ல பேசுவா, தயாரா இரு. ஆபீசர் உன்னுடையவர்னு போட்டிருக்கே. உன்னுடையவர்னா நம்ம வீட்லதானே இருக்கணும்? எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கமாட்டியா? தைக்கிற கோட்டெல்லாம் உள் ரூமுக்கு மாத்திட்டேன். முடி எவ்வளவு கொட்டும்?'

'நிறையக் கொட்டும்' என்று பதில் அடித்தேன். பெட்டியில் இருந்த வரியை அழிக்கவில்லை.