மக்காச்சோளத்துக்கு நடுவே இரண்டு ஏக்கர் உளுந்து

1

கடையில் இருந்தவர்கள்: விதைக்கடை ஜேசுதாசன். இரண்டு ஏக்கர் கரிசல்காட்டுக்காரி பாண்டிலட்சுமி. அந்தக் காட்டைச் சுற்றி நாலு பக்கமும் நிலம் வைத்திருக்கும் தங்கப்பாண்டியன். பிறகு இதை எழுதுபவன். எலிமருந்து வாங்க வந்தவன். கதை அவனுடையதல்ல. ஒட்டுக்கேட்டது.

2

முதல் தொடக்கம்: ‘புரட்டாசி வானம் கறுத்து…’

[வேண்டாம். இப்போது யாரும் வானத்தை மட்டும் பார்த்து விதை வாங்குவதில்லை.]

“உளுந்து கப்பல்ல வருதுக்கா, வரியில்லாம. வெலை எந்திரிக்காது,” என்றார் ஜேசுதாசன். “மக்காச்சோளம் போடுங்க. கோழியும் திங்குது, எத்தனாலாக்கிக் காருக்கும் ஊத்துறாக.”

“போன வருசம் புழுவும் தின்னுச்சு,” என்றாள் பாண்டிலட்சுமி.

இந்த வருசமும் போனால், நிலத்தைத் தங்கப்பாண்டியனிடம் குத்தகைக்கு விட்டுவிட்டு அவள் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏற வேண்டியதுதான். உளுந்துக்குச் செலவு குறைவு. ஒற்றை ஆளாகச் சமாளிக்கலாம்.

3

தங்கப்பாண்டியனை வில்லனாக்க எழுதுபவன் மீசைகூட வைத்துப் பார்த்தான். ஒட்டவில்லை.

“மதினி, நான் மக்காச்சோளந்தான் போடுறேன். வெதச்ச இருவதாம் நாளு களைக்கொல்லி அடிப்பேன். காத்து ஒங்க பக்கம் திரும்புச்சுன்னா என்னையச் சொல்லப்படாது.”

சோளத்துக்கு அடிக்கும் மருந்துக்கு உளுந்தும் களைதான். கருக்கிவிடும்.

“ஆளு விட்டுக் களையெடுங்களேன்.”

“ஆளு எங்கன இருக்கு? தீவாளி சீசன். அம்புட்டுப் பேரும் எம். புதுப்பட்டிக்குப் பட்டாசு வேலைக்குப் போயிர்றாக.”

“அப்ப காத்தடிக்காத நேரமாப் பாத்து அடிங்க.”

“காத்துக்குப் பத்திரிகை அடிச்சா நேரங் குறிக்க முடியும்?”

ஜேசுதாசன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

4

முடிவு ஒன்று: அவளும் சோளம் வாங்குகிறாள். புழு…

முடிவு இரண்டு: இறக்குமதிக்கு வரி போடுகிறார்கள். உளுந்து விலை ஏறுகிறது. ஊரே…

[அந்த வரி உத்தரவில் கையெழுத்துப் போடுகிறவர் கடையில் இல்லை. அவரைக் கதைக்குள் இழுத்துவர எழுதுபவனுக்கு வழி தெரியவில்லை.]

5

நடந்தது இவ்வளவுதான்.

“உளுந்தே குடுங்க.”

“வித்த வெதையத் திரும்ப எடுக்க மாட்டேன்க்கா.”

“தெரியும்.”

தங்கப்பாண்டியன் பைக்கை உதைத்தார். “வண்டில வாறீகளா மதினி?”

“பஸ்ல வாரேன்.”

அவர் சற்று நின்று பார்த்துவிட்டுப் போனார். இருபதாம் நாள் அவர் தெளிப்பானோடு வரப்பில் நிற்பார்; காற்று எந்தப் பக்கம் என்று எழுதுபவன் எழுதப்போவதில்லை. அடிக்குமுன் அவர் அதைப் பார்ப்பாரா என்பதையும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

மதியச் சாப்பாட்டு நேரம். பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் படியிறங்கியதும், ஜேசுதாசன் ஷட்டரை இழுத்துப் பூட்டினார்.