துடைத்து வைத்த தொட்டி

"ஒரு சொட்டு தங்கினாலும் போச்சு, இஸ்க்ரா. உறைஞ்சா உப்பிக்கும், கண்ணாடி தாங்காது."

"இந்த அக்கறையில பாதி என் மேல இருந்தா நான் எங்கேயோ போயிருப்பேன்."

"உன்னையும் துடைச்சு கராஜ்ல வச்சிடட்டுமா?"

"வைப்ப, வைப்ப. நீ ஒழுங்கா ஜெர்மனி போய்ச் சேர், போ."

அக்டோபரில், கிளம்புவதற்கு முந்தைய நாள் பேசியது. அவள் கணவன் ஓக்னியான் சிரித்துக்கொண்டே மீன்தொட்டியின் மூலைகளைப் பழைய பனியனால் ஒற்றினான். அவர்கள் ஊரான செவ்லியேவோவில் பனி விழுந்தால் கட்டட வேலை நின்றுவிடும். அவன் ஜெர்மனிக்கு டைல்ஸ் ஒட்டப் போவான். மீன்கள் பக்கத்து வீட்டு ஸ்டாமென் மாமாவிடம் போகும், தொட்டி கராஜுக்குப் போகும். ஏப்ரலில் தொட்டி மாடி ஏறினால் அவன் வந்துவிட்டான் என்று பொருள். ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் தொட்டி படியிறங்கும்போது, 'போகாதே' என்ற சொல் இஸ்க்ராவின் தொண்டை வரை வந்து திரும்பிவிடும்.

கராஜில் தெர்மோகோல் விரித்து, குளிர்காலத்துக்காக உப்புநீரில் கோஸ் ஊறப்போட்ட பீப்பாய் நின்ற பலகையின் ஓரத்தில் தொட்டியை இறக்கினான். மீனுக்குக் காற்று ஊதும் பம்ப்பின் குழாயைப் பீப்பாய்க்குள் விட்டான். உப்புநீரை அடியிலிருந்து கலக்கிவிட இந்த ஊரில் எல்லா வீட்டிலும் அதுதான் வழி.

"குளிர்காலம் பூரா கோஸு மூச்சு விடட்டும்" என்றான்.

ஏப்ரல் வந்தது. அவன் வரவில்லை. கோடைக்கும் அங்கேயே வேலை கிடைத்திருக்கிறதாம், போனில் சொன்னான். "சரி, உடம்பைப் பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னாள்.

மிஞ்சிய கோஸை எடுத்துப் பீப்பாயைக் கழுவ கராஜுக்குப் போனபோதுதான் தொட்டிக்குள் கவனித்துப் பார்த்தாள். பம்ப் ஓடிய நாட்களில் பீப்பாயிலிருந்து நுரை பொங்கி வழிந்து தொட்டிக்குள் தேங்கியிருக்கிறது. ஜனவரிக் குளிரில் உறைந்திருக்கிறது. அடிக்கண்ணாடியில் மூலைக்கு மூலை விரிசல். தெர்மோகோலில் காய்ந்த உப்பு, புளித்த கோஸ் வாடை. அவ்வளவு துடைத்தானே!

வாசலில் ஸ்டாமென் மாமா எட்டிப் பார்த்தார். "உடைஞ்சு போச்சா? என் வீட்டு மீனுங்க இனி என் சொத்து. மீனை என்கிட்டயும் பொண்டாட்டியைக் குளிர்கிட்டயும் விட்டுட்டுப் போனவன் வந்து கேக்கட்டும், பாத்துக்கறேன்."

அவள் சிரிக்க முயன்றாள். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டு, பீப்பாயைச் சாய்க்க ஒரு கை கொடுத்துவிட்டுப் போனார்.

மாலையில் ஓக்னியான் போனில் வந்தான். பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம்.

"தொட்டி விரிசல் விட்டுடுச்சு, ஓகி. கோஸுத் தண்ணி."

"நான்தான் அங்க வச்சேன். விடு, அழாத. வீட்டுப் பக்கத்துலயே பெரிய கடை இருக்கு. இதைவிட நல்லதா வாங்கிக்கலாம்."

"எந்த வீடு?"

"இங்கதான், நம்ம..." அவன் நிறுத்திக்கொண்டான். ஜெர்மனியில் நான்கு வேலையாட்கள் சேர்ந்து தங்கும் அறையைத்தான் வீடு என்று சொல்லியிருந்தான்.

எதிர்ச் சுவரில், தொட்டி இருந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு வெளுப்பாக, நீள்சதுரமாகத் தெரிந்தது.

"இஸ்க்ரா? லைன்ல இருக்கியா?"

"எனக்குத் தொட்டி வேண்டாம், ஓகி" என்றாள். "நீ வீட்டுக்கு வந்துடு. இனிமே போகாத."