மேல் வீட்டில் தின்றிருக்கும்

சாகக் கிடக்கிற பூனையைச் சால்வையில் சுற்றி மாரோடு அணைத்துக்கொண்டு, முகம் கொடுத்துப் பேசாத ஒரு மனுஷனின் வீட்டுக்குப் படியேறிக்கொண்டிருந்தாள் மிர்த்தா. சிலி நாட்டுத் துறைமுக நகரமான வல்பரைசோவில் குன்றின்மேல் குடியிருப்பவர்களுக்குப் படியேறுவது ஒரு வேலையே இல்லை. கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு பாட்டுப் பாடியபடி ஏறுகிறவர்கள் அவர்கள். ஆனால் தன் வீட்டுக்கு மேலே போகிற இந்தப் படிகளை மட்டும் அவள் மிதித்துப் பல வருஷமாகிவிட்டது. மேல் வீட்டுச் சலதாரைத் தண்ணீர் அவளுடைய தகரக் கூரையில் கொட்டியதில் தொடங்கிய சண்டை அது. அதற்கப்புறம் அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் போக்குவரத்து வைத்திருந்தது பூனை ஒன்றுதான்.

ஒரு காலத்தில் அதைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். பரங்கிக்காய் நிறம், பரங்கிக்காய் பருமன். அதனால் பரங்கிக்காய் என்று பொருள்படும்படி சபாயோ என்று பேர் வைத்திருந்தாள். இப்போது கையில் சால்வையின் கனம்தான் தெரிந்தது. தலை அவள் முழங்கை மடிப்பில் தொங்கியது. மூச்சு விடும்போது வாயிலிருந்து ஒரு வாடை வந்தது.

"ரெண்டு கிட்னியும் போச்சும்மா" என்று டாக்டர் யாஸ்னா முந்தின நாள் சொல்லியிருந்தாள். "வாயெல்லாம் புண்ணு. டிரிப்ஸ் ஏத்தினா கொஞ்ச நாள் இழுத்துக்கிட்டுக் கிடக்கும். இழுக்கிறதுதான், பொழைக்கிறது இல்ல. வயசும் ஆச்சு பாருங்க. நாளைக்கு மத்தியானம் நானே வீட்டுக்கு வரேன். ஊசி போட்டு வலியில்லாம அனுப்பிடலாமான்னு அதுக்குள்ள மனசத் தேத்திக்கிட்டு ஒரு முடிவுக்கு வாங்க. எத்தன நாளா சாப்பிடல?"

அந்தக் கேள்விக்குத்தான் மிர்த்தாவால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் படிக்கட்டில் எந்தப் பூனையும் ஒரே வீட்டுச் சோற்றில் வளர்வதில்லை. வாசலுக்கு வாசல் தட்டு இருக்கும். ஒரு பூனை தட்டை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனால் அங்கே யாரும் கவலைப்பட மாட்டார்கள். 'மேலே தின்றிருக்கும்' என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். மிர்த்தாவும் அப்படித்தான் கால்சட்டைகளுக்கு ஓரம் தைத்துக்கொண்டே சொன்னாள். ஒருநாள் இரண்டுநாள் அல்ல, குளிர்காலம் பூராவும் சொன்னாள்.

ஆனால் இரவெல்லாம் யோசித்ததில் அதே வார்த்தை அவளுக்கு ஒரு நம்பிக்கையாக மாறியிருந்தது. நிஜமாகவே மேலே தின்றுகொண்டிருந்தால்? தன் தட்டைத்தான் வெறுத்துவிட்டதோ என்னவோ. மேல் வீட்டில் ஒரு வாய் தின்கிறது என்று தெரிந்தால் போதும், டாக்டர் சொன்னது பொய், ஊசி வேண்டாம். அந்த ஒரு வாய்க்காக அவள் மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஏறினாள்.

கதவைத் திறந்த தோன் ரெமீஹியோ இழுவைப் படகில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. புடைத்த கித்தான் சாக்கு மாதிரி வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன, தண்ணி மறுபடியும் சொட்டுதா? குழாய மாத்தியாச்சு. வேணும்னா வந்து எண்ணிப் பாரு."

"தண்ணி இல்ல, தோன் ரெமீஹியோ." அவள் சால்வையை விலக்கினாள்.

அவர் பார்த்தார். கையை நீட்டினார், தொடாமல் இழுத்துக்கொண்டார். "அட்மிரலா இது?" என்றார். அவர் வீட்டில் அதற்கு அட்மிரல் என்று பேர். "என்னடி பண்ணின அத? சில நாளா ஆளக் காணுமேன்னு பாத்தேன். நீதான் வீம்புக்கு அடைச்சு வச்சிருக்கேன்னு நெனச்சேன்."

"உள்ள வரலாமா? நிக்க முடியல எனக்கு."

வழி விட்டார். பேர் விஷயத்தில் இருவரும் போடாத சண்டை இல்லை. அவர் அதன் கழுத்தில் நீல ரிப்பன் கட்டி அனுப்புவார், அவள் அதை அறுத்துவிட்டுச் சிவப்பு ரிப்பன் கட்டி அனுப்புவாள். "என் பூனை" என்று அவர் மேலிருந்து கத்துவார், "எவன் சொன்னான்?" என்று இவள் கீழிருந்து கத்துவாள். பூனை இரண்டு ரிப்பனையும் அசட்டை செய்துவிட்டு நடுப்படியில் வெயில் காயும்.

அடுப்புக்குப் பக்கத்தில் அவருடைய நாற்காலியிலேயே அதைப் படுக்க வைத்தாள். டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"பூனைக்கு ஏழு உசிரு. இது இன்னும் மூணுகூடச் செலவு பண்ணல. பாரு வேடிக்கைய, என் கையால வச்சா தின்னும்."

கானாங்கெளுத்தி டப்பா ஒன்றைத் திறந்து கிண்ணத்தில் கொட்டினார். வீடு முழுக்க மீன் வாசம் எழுந்தது. கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனார். பூனை கண்ணைத் திறந்து பார்த்தது. மிர்த்தா வேண்டாத சாமி இல்லை. அதன் மூக்கு லேசாக அசைந்ததும் அவள் ரெமீஹியோவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"சூடு பத்தல" என்றார். சூடு பண்ணிக் கொண்டுவந்தார். திருப்பிக்கொண்டது. "உப்பு ஜாஸ்தி போல" என்று கழுவிக் கொண்டுவந்தார். விரலில் மசித்து உதட்டில் தடவினார். அது நக்கவில்லை. "தின்னுடா. தின்னு ராஜா. என் மானத்த வாங்காத இவ முன்னால." கெஞ்சி ஆகாமல் கடைசியில் தாடையைப் பிடித்து வாயைத் திறக்கப் போனார். பூனை கத்தியது. அத்தனை சின்ன உடம்பில் இருந்து அப்படி ஒரு கத்தல் வரும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

"விடுங்க! புண்ணுன்னு சொன்னேனில்ல!" மிர்த்தா அவர் தோளில் ஓர் அடி வைத்தாள். "கடைசியா எப்ப இங்க தின்னுச்சு? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க."

"தட்டு வச்சேன். தெனம் வச்சேன்."

"தின்னுச்சான்னு கேக்கறேன்."

அவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "மோந்து பாத்துட்டுப் போயிரும். கீழ தின்னுட்டு வந்திருக்கும்னு நெனச்சேன். நீதான் கோழி ஈரலெல்லாம் வைப்பியே. காலையில பாத்தா தட்டு காலியாத்தான் இருந்துச்சு."

மிர்த்தாவின் தட்டும் காலியாகத்தான் இருந்தது. படிக்கட்டு நாய்களுக்கு இந்தக் குளிர்காலம் நல்ல விருந்து. இரண்டு வீட்டிலும் கல்யாணம், இடையிலே செத்ததாம் நாய்க்குட்டி என்பார்களே, அது இங்கே நாய்க்கு வாய்க்கவில்லை, பூனைக்கு வாய்த்தது. இரண்டு வாசலில் தட்டு வைத்து, நடுவில் பட்டினி போட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு வார்த்தை, 'உங்க வீட்டுல தின்னுதா?' என்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். சலதாரைக்காகக் கேட்கவில்லை.

"நீ கேட்டிருக்கலாம்" என்றார் அவர்.

"நீங்க கேட்டிருக்கலாம்."

"கிழவன் நான். எனக்குக் கண்ணு தெரியாது. உனக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியுது, பூனை மெலியறது தெரியலையா?"

"தெரிஞ்சுது!" என்று அலறினாள். "வயசாச்சு, அதான் மெலியுதுன்னு நெனச்சேன். தெரிஞ்சுது, போதுமா?" அப்படியே தரையில் உட்கார்ந்து நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் கெட்டிலை அடுப்பில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

பூனைக்குக் கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. வாலடியில் நாற்காலி நனைந்தது. அவர் தன் நல்ல கம்பளிச் சட்டையைக் கொண்டுவந்து அடியில் மடித்து வைத்தார். இழுப்பு நின்றது. சற்று நேரத்தில் மறுபடி வந்தது. அது வரும்போதெல்லாம் பூனை மிர்த்தாவைப் பார்த்தது. எதற்குப் பார்க்கிறது, காப்பாற்று என்றா, விடு என்றா என்று அவளுக்குப் புரியவில்லை. 'நீயே போயிடு, எங்களக் கேக்காத, நீயே போயிடு' என்று மனசுக்குள் அதன் காலில் விழுந்து கேட்டாள். அது போகவில்லை.

டாக்டர் யாஸ்னா கீழ் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, சத்தம் கேட்டு மேலே வந்தாள். மூச்சு வாங்கியது அவளுக்கு. பையைக் கீழே வைத்து, பூனையின் ஈறைப் பார்த்தாள், வயிற்றைத் தொட்டாள். ரொம்ப நேரம் பார்க்கவில்லை.

"நேத்தைவிட மோசம். இப்படியே விட்டா இன்னிக்குப் பூரா இந்த இழுப்புதான். ஊசி போடணும்னா போடறேன். யாரு பூனை இது? அவங்க வாயால சரின்னு சொல்லணும்."

துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது.

"இவரோடதுதான்" என்றாள் மிர்த்தா. "குளிருக்கு இங்கதான் வந்து படுக்கும்."

"என்னுதா? நல்லா இருக்கே! இவ வீட்டு ஈரலத் தின்னு வளந்தது. படிக்கட்டுல யார வேணா கேளுங்க."

"நீல ரிப்பன் கட்டினது யாரு?"

"செவப்பு கட்டினது யாரு?"

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "நான் வெளிய நிக்கறேன். பேசிட்டுக் கூப்பிடுங்க" என்றாள்.

அப்போது மறுபடியும் இழுப்பு வந்தது. இந்தத் தடவை தலையும் பின்னால் வளைந்தது. மிர்த்தாவுக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் என்னுது என்னுது என்று ஊரைக் கூட்டினவள், அதற்கு வேண்டிய நேரத்தில் அடுத்தவன் தலையில் கட்டப் பார்க்கிறாளே.

"என்னுது" என்றாள். "டாக்டர், என் பூனை. போகாதீங்க."

டாக்டர் மண்டியிட்டு ஊசியை எடுத்தாள். மிர்த்தா பூனையை மடியில் வாங்கிக்கொண்டு, கம்பளிச் சட்டையோடு சேர்த்துப் பிடித்து, காதுக்குப் பின்னால் தடவினாள். டாக்டர் மருந்தை ஊசிக்குள் இழுத்துக்கொண்டிருக்கும்போதே, பூனையின் தொண்டைக்குள் கொர்கொர் என்று ஒரு சத்தம் கிளம்பியது. வெயிலில் நடுப்படியில் படுத்திருக்கும்போது செய்கிற அதே சத்தம்.

ரெமீஹியோ டாக்டரின் கையைப் பிடித்துவிட்டார். "நிறுத்துங்க! கேக்கலையா? சந்தோஷமா இருக்கு. அது பொழைச்சுக்கும்! மிர்த்தா, ஏய், சொல்லேன் நீ, ஒன்னோடதுன்னியே, வேண்டாம்னு சொல்லு!"

மிர்த்தா டாக்டரைப் பார்த்தாள்.

"சுகத்துலயும் பண்ணும்" என்றாள் டாக்டர் மெதுவாக. "வலி தாங்காமலும் பண்ணும். இது எதுன்னு எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்ச மாதிரி பொய் சொல்ல மாட்டேன்."

மிர்த்தா குனிந்து பூனையின் முகத்தைப் பார்த்தாள். அதில் அவளுக்கு எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை. உள்ளங்கையில் அதன் விலா அதிர்ந்துகொண்டிருந்தது. வேண்டாம் என்று சொன்னால் அந்த அறையில் மூன்று பேருமே நன்றி சொல்வார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. பூனை நன்றி சொல்லுமா என்றுதான் தெரியவில்லை.

"அவரக் கைய எடுக்கச் சொல்லுங்க" என்றாள். "போடுங்க."

"கொலகாரி" என்றார் ரெமீஹியோ. ஆனால் கையை எடுத்துவிட்டார். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், கடைசியில் அவரும் மண்டியிட்டு, பூனையின் பின்னங்கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டார்.

ஊசி இறங்கின பிறகும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு காதுக்குக் கேட்கவில்லை, கைக்கு மட்டும் தெரிந்தது. டாக்டர் மூச்சை நிறுத்தும் இரண்டாவது ஊசியைப் போட்டாள். மிர்த்தா கையை எடுக்காமல் வைத்திருந்தாள்.

"இன்னும் இருக்கா?" என்று கேட்டார் ரெமீஹியோ. "எனக்குத் தெரியல. உன் கையிலதானே இருக்கு, சொல்லேன். இன்னும் இருக்கா?"

"இல்ல" என்றாள் அவள்.